மாற்றலாகி வரும் குழந்தையும் பள்ளிக்கூடமும்

(நமது கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் நான் பேசியதை, அங்கத்தினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்தில் தந்திருக்கிறேன்.)



செயலாளர் என்னை 'கல்வி' பற்றி இருபது நிமிஷம் பேசச் சொன்னார். ஓய்வு பெற்ற அரசு அதிகாரியின் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு இருபது நிமிஷம் என்று சொல்வதில் உள்ள அபாயம் அவருக்குத் தெரியும். அதனால்தான் முதல் வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். கல்வி பெரிய சமுத்திரம். அதில் ஒரு சிறிய துறையில் மட்டும் இறங்குகிறேன். வெளிநாடுகளிலிருந்து உத்தியோக நிமித்தம் இந்தியாவுக்கு வந்து மூன்று, நான்கு வருஷங்கள் தங்கும் குடும்பங்களின் குழந்தைகளுக்காக நம் நகரங்களில் நடக்கும் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். விடுதி கிடையாது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் டே ஸ்கூல்.

"அது தூதரகத்துக்காரர்கள், கம்பெனிக்காரர்கள் சமாசாரம். நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2022 வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என்னைப் பற்றி நாலு வரி. 1969-ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசின் ஒரு துறையில் சேர்ந்து, 2009-ல் ஓய்வு பெற்றேன். நடுவில் 9 மாற்றல்கள். கடைசியில் டெல்லி மயூர் விஹாரில் ஒரு ஃப்ளாட்டில் நிலைத்தேன். என் பிள்ளை இன்ஜினீயர். இங்கிலாந்தில் ரெடிங் நகரத்தில் வேலை. பேத்தி பிறந்ததும் அங்கேதான். 2022 ஆகஸ்டில் அவன் கம்பெனி அவனை மூன்று வருஷத்துக்குக் குருகிராமத்துக்கு அனுப்பியது. தாத்தா பாட்டிக்குக் கரும்பு தின்னக் கூலி.

பேத்திக்கு அப்போது பத்து வயது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று நான் ஒரு பட்டியல் தயார் செய்து வைத்திருந்தேன். அவனோ இங்கிலாந்திலிருந்தே பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் இடம் வாங்கிவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறான். வருஷக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். நான் ஓய்வு பெறும்போது வாங்கிய ஒரு வருஷச் சம்பளத்தைவிட அதிகம். "கம்பெனி கட்டறதுப்பா" என்றான். யார் கட்டினாலும் பணம் பணம்தானே? இந்தியாவுக்கு வந்தும் இங்கிலாந்து ராஜாக்களைப் படிப்பதற்கு இவ்வளவு செலவா என்று எனக்கு ஒரே எரிச்சல்.

விஞ்ஞானம் படித்தவனுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. எரிச்சல் வந்தால் அளந்து பார்க்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, இந்தப் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று எழுத ஆரம்பித்தேன். அதிலிருந்துதான் இன்று பேசுகிறேன்.

முதலில் பாடத்திட்டம். இங்கிலாந்தில் 1988-ல் வந்த கல்விச் சட்டத்தின் மூலம் அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான தேசியப் பாடத்திட்டம் ஏற்பட்டது. அதில் படிப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். 5 வயது முதல் 7 வரை முதல் கட்டம், 11 வரை இரண்டாவது, 14 வரை மூன்றாவது, 16 வரை நான்காவது. நான்காவது கட்டத்தின் முடிவில் அங்கே ஜி.சி.எஸ்.இ. பரீட்சை. இங்கிலாந்துக்கு வெளியே உள்ள பள்ளிகளுக்காக இதன் சர்வதேச வடிவம் ஐ.ஜி.சி.எஸ்.இ. 1988-லிருந்தே நடக்கிறது. அதற்கு மேல் இரண்டு வருஷம் 'ஏ லெவல்' அல்லது ஐ.பி. டிப்ளமா.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவர்கள் 'இயர் 6' என்று சொன்னால் நம் ஆறாம் வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுடைய பதினோராம் வருஷத்தில்தான் நம் பத்தாம் வகுப்புக்குச் சமமான பரீட்சை வருகிறது. எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் நான் எதிர் ஃப்ளாட்காரரிடம் "பேத்தி ஆறாவது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவருடைய பேரனும் ஆறாவது. அவர் கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து பேத்தியிடம் இரண்டு கேள்வி கேட்டார். பேத்தி விழித்தாள். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னும் மறக்கவில்லை. நம் பள்ளிகளில் ஏப்ரலில் வகுப்பு தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அவர்களுக்கு செப்டம்பரில் தொடங்கி ஜூலையில் முடிகிறது. ஆகவே வகுப்பும் பொருந்தாது, மாசமும் பொருந்தாது.

இந்தப் பாடத்திட்டம் நமக்கு முற்றிலும் புதிதும் அல்ல. நம் தகப்பனார்கள் காலத்தில் 'சீனியர் கேம்பிரிட்ஜ்' என்று மரியாதையோடு சொல்வார்கள். வினாத்தாள் கேம்பிரிட்ஜிலிருந்து வரும். விடைத்தாள் கப்பலேறிப் போகும். அந்த வழியில் வந்ததுதான் 1958-ல் இங்கே அமைந்த கவுன்சில். அது நடத்தும் ஐ.சி.எஸ்.இ. பரீட்சையை உங்கள் பேரக்குழந்தைகள் பலர் எழுதியிருப்பார்கள்.

இனி, வெளிநாட்டுக் குடும்பங்களுக்கென்று தனிப் பள்ளி ஏன் வந்தது? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் இங்கே உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர்கள் தங்கள் குழந்தைகளை ஐந்து, ஆறு, ஏழு வயதிலேயே கப்பலேற்றிச் சொந்த தேசத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கத்திய வெயிலும் வியாதியும் ஒரு காரணம். குழந்தை ஆயாவின் பாஷையையே பேசிக்கொண்டு வளர்ந்துவிடுமோ என்ற பயம் மற்றொன்று. எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் 1865-ல் பம்பாயில் பிறந்தவர். ஆறு வயது நிறையாதபோது, 1871-ல், அவரையும் அவருடைய சின்னத் தங்கையையும் இங்கிலாந்தில் ஸௌத்ஸீ என்ற கடலோர ஊரில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் பணம் கட்டி விட்டுவிட்டுப் பெற்றோர் பம்பாய் திரும்பிவிட்டார்கள். தாயார் திரும்பி வந்து பார்த்தது 1877-ல். அந்த வீட்டில் பட்ட கஷ்டத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கதையாகவும் எழுதினார், சுயசரிதையிலும் எழுதினார். பிறந்ததிலிருந்து ஹிந்துஸ்தானியில் நினைத்து, ஹிந்துஸ்தானியில் கனவு கண்ட குழந்தை அது. ஆளுகிற ஜாதியில் பிறந்தும் அதற்கு ஆறு வருஷம் அம்மா கிடையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. தூதரகங்கள் வந்தன. விமானம் வந்தது. மருந்துகள் வந்தன. குழந்தையைப் பிரியாமல் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆனால் மூன்று வருஷத்தில் அடுத்த தேசத்துக்கு மாற்றல் வரும். அங்கே போனால் விட்ட இடத்திலிருந்து படிப்பு தொடர வேண்டும். இதற்காகப் பிறந்தவைதான் இந்தப் பள்ளிகள். டெல்லியில் அமெரிக்கத் தூதரகப் பள்ளி 1952-ல் வந்தது. சாணக்கியபுரியில் இருக்கும் பிரிட்டிஷ் ஸ்கூல் 1963-ல் தொடங்கப்பட்டது. இன்று இத்தகைய பள்ளிகள் வேறு பல நகரங்களிலும் இருக்கின்றன. இந்தியக் குழந்தைகளும் அவற்றில் சேர்கிறார்கள்.

1963 என்று எழுதியதும் என் பேனா நின்றுவிட்டது. அந்த வருஷம் எனக்கு வேறு ஒரு காரணத்துக்காகத் தெரியும். இரண்டாவது சம்பளக் கமிஷனின் சிபாரிசுப்படி, மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் குழந்தைகளுக்காக 'சென்ட்ரல் ஸ்கூல்' திட்டத்தை இந்திய அரசு ஒப்புக்கொண்டது 1962 நவம்பரில். ராணுவப் படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை எடுத்துக்கொண்டு திட்டம் நடைமுறைக்கு வந்தது 1963-ல். அதுதான் இன்றைய கேந்திரீய வித்யாலயா. இப்போது 1,200-க்கு மேல் இருக்கின்றன. காட்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் நகரங்களில்கூட நம் வெளிநாட்டு உத்தியோகஸ்தர்களின் குழந்தைகளுக்காகக் கேந்திரீய வித்யாலயாக்கள் நடந்து வந்திருக்கின்றன. அதாவது, நாம் அங்கே நடத்தியதைத்தான் அவர்கள் இங்கே நடத்துகிறார்கள். கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். தேவை ஒன்றுதான்: அப்பாவுக்கு மாற்றல் வந்தாலும் குழந்தையின் பாடம் அறுந்துபோகக் கூடாது.

இன்னும் நாற்பது வருஷம் பின்னால் போனால் நம்மவர்களே நிற்கிறார்கள். 1923-ல் டெல்லியில் மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் கோடை வந்தால் சர்க்கார் சிம்லாவுக்கு மலையேறும். குளிர் வந்தால் டெல்லிக்கு இறங்கும். ஃபைல்களோடு குமாஸ்தாக்களும் குடும்பங்களும் ஏறி இறங்க வேண்டும். அந்தக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும், அதில் தமிழ் இருக்க வேண்டும் என்று சொற்பச் சம்பளக்காரர்கள் சேர்ந்து உண்டாக்கியதுதான் இன்று டெல்லி தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து ஏழு பள்ளிகளை நடத்துகிறது. பம்பாயில் 1932-ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் ஊரை விட்டு வந்தவர்களின் முயற்சிதான். ஆகவே, 'வெளியூர்க்காரர்களுக்கென்று தனிப் பள்ளியா?' என்று மூக்கைச் சுளிக்க நமக்கு அவ்வளவாக அதிகாரம் இல்லை என்று என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

இவ்வளவும் சரித்திரம். இனி சொல்லப் போவது கொஞ்சம் சொந்த விஷயம். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இங்கே மாற்றல் வாழ்க்கை வாழ்ந்தவர்கள் பாதிப்பேருக்கு மேல் இருப்பதால் சொல்லிவிடுகிறேன்.

பேத்தி சேர்ந்த முதல் வருஷம் பள்ளியில் 'சர்வதேச தினம்' வந்தது. ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு மேஜை. அந்த தேசத்துக் குழந்தைகள் தங்கள் உடையில் நின்று, தங்கள் பலகாரத்தை வைத்து, வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். பேத்தி என்னைக் கேட்டாள்: "தாத்தா, நான் எந்த டேபிள்ல நிக்கணும்?"

"இந்தியா. இதுல என்ன சந்தேகம்?" என்றேன்.

"இந்தியா டேபிள்ல எல்லாரும் ஹிந்தி பேசறா. எனக்குத் தெரியாதே."

'கத்துக்கோ' என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அதே வார்த்தையை நான் முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது.

1989 டிசம்பர். நான் நாக்பூரில் இருந்தேன். பிள்ளை அங்கே கேந்திரீய வித்யாலயாவில் ஏழாம் வகுப்பு. அரைப் பரீட்சை முடிந்த கையோடு எனக்கு ஒரிஸ்ஸாவில் ஒரு சிறிய ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. உடனே சேர வேண்டும். பத்து நாளில் கிளம்பினோம். அந்த ஊரில் கேந்திரீய வித்யாலயா இல்லை. இருந்த ஒரு பள்ளியில் கெஞ்சிச் சேர்த்தேன். மாநிலப் பாடத்திட்டம். இரண்டாவது மொழி ஒடியா, கட்டாயம். பையன் இரண்டாம் நாள் வந்து, "அப்பா, அங்க எல்லாரும் ஒடியா பேசறா" என்றான். "கத்துக்கோ" என்றேன். அதோடு ஆபீஸ் கிளம்பிவிட்டேன்.

வருஷப் பரீட்சையில் ஒடியாவில் அவனுக்கு 7 மார்க். மற்ற பாடங்களில் நல்ல மார்க் இருந்தும் பள்ளி மேலே அனுப்ப மறுத்துவிட்டது. மூன்று மாதத்தில் எழுத்துகூடப் பழக முடியாது என்று எடுத்துச் சொன்னேன். விதி விதிதான் என்றார்கள். அரசு உத்தியோகஸ்தனான எனக்கு அதற்கு மேல் வாதாடத் தெரியவில்லை. பையன் மறுபடியும் ஏழாம் வகுப்பு படித்தான். அவனுடைய நாக்பூர் நண்பர்கள் எட்டாவது போனார்கள். பின்னால் போபாலில் மறுபடி கேந்திரீய வித்யாலயா கிடைத்து, படிப்பு சீராகி, நல்ல நிலைக்கு வந்துவிட்டான். அதனால் அந்த ஒரு வருஷத்தை நான் மறந்தேபோனேன். அவன் மறக்கவில்லை.

2023 டிசம்பரில் ஒரு நாள் அவனோடு காரில் பேத்தியை அழைத்து வரப் போயிருந்தேன். அன்று அவளுடைய சிநேகிதிக்கு அந்தப் பள்ளியில் கடைசி நாள். கொரியா தேசத்துப் பெண். பேத்தி சேர்ந்த முதல் வாரத்தில், புதுக் குழந்தைக்கு எல்லாம் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியை நியமித்த 'ஜோடி' அவள்தான். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் யாராவது போகிறார்கள், யாராவது வருகிறார்கள். பள்ளிக்கு அது பழகிப்போன சமாசாரம். அதனால் அதற்கென்று ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். போகும் குழந்தைக்கு வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் தயாரிக்கிறது. எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறார்கள். கடைசி மணி நேரத்தில் அந்தக் குழந்தை எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறது. பேத்தி அழுது சிவந்த கண்ணோடு காரில் ஏறினாள். நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன்.

என் பிள்ளை வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்: "அப்பா, நாக்பூர்லேர்ந்து கிளம்பினோமே, அப்போ எனக்கு யார்கிட்டயும் சொல்லிக்க முடியலை. லீவுல இருந்தது ஸ்கூல். பக்கத்து பெஞ்ச் பையனோட ஜாமெட்ரி பாக்ஸ் என்கிட்டயே தங்கிடுத்து. நான் எடுத்துண்டு போயிட்டேன்னுதான் அவன் நினைச்சிண்டிருப்பான்."

34 வருஷம் கழித்துச் சொல்கிறான். "அப்பவே சொல்லியிருக்கப்படாதா? தபால்ல அனுப்பியிருக்கலாமே" என்றேன். "நீங்க பேக்கிங்ல இருந்தேள்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அடுத்த ஏதோ ஒரு மாற்றலில் அதுவும் தொலைந்துவிட்டதாம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நாக்பூர் மாற்றலுக்கு நான் எழுதிய பயணப்படி பில் நினைவுக்கு வந்தது. குடும்ப அங்கத்தினர் பட்டியலில் என் பிள்ளையின் பெயர் இருந்தது. வயது இருந்தது. முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா என்பது இருந்தது. சாமான் எத்தனை குவிண்டால் என்பது இருந்தது. பில்லில் ஒரு பைசா தப்பு கிடையாது, ஆடிட்டில் ஆட்சேபணை வரவில்லை. பையன் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டானா என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

இதை ஆராய்ந்தே ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது. ரூத் யூசீம் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர், கணவர் ஜான் யூசீமோடு 1950-களில் இந்தியாவுக்கு வந்து, இங்கே வேலை பார்த்த அமெரிக்கர்களைப் பற்றி ஆராய்ந்தார். இந்தக் குழந்தைகளுக்கு 'மூன்றாம் கலாசாரக் குழந்தைகள்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். பெற்றோரின் சொந்த ஊர் வழக்கம் ஒன்று. வந்து தங்கிய ஊரின் வழக்கம் இரண்டு. இரண்டுக்கும் நடுவில் இப்படி ஊர் ஊராகப் போகிறவர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்வது மூன்றாவது. அந்தப் பெயர் உலகம் முழுவதும் பரவிவிட்டது. அது கிளம்பியது நம் தேசத்தில் செய்த ஆராய்ச்சியிலிருந்து. வாசித்தபோது, நாக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் ராஞ்சி டவுன்ஷிப்பிலும் ஆர்.கே. புரத்திலும் வளர்ந்த நம் குழந்தைகளும் இந்த வகைதானே என்று தோன்றியது. பாஸ்போர்ட்தான் தேவைப்படவில்லை.

அந்தப் பள்ளிகளில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குறை இருக்கிறது. பெரிய குறை மதில் சுவர். பேத்தி முதல் வருஷம் முழுவதும் டெல்லியைக் கார் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். காவலாளி நிற்கும் குடியிருப்பு, ஏ.சி. பஸ், காவலாளி நிற்கும் பள்ளி. காய்கறிக்காரரோடு இரண்டு வார்த்தை பேசத் தெரியாது. சம்பளத்தோடு கட்டணமும் கம்பெனி தரும் வீட்டுக் குழந்தைகள் மட்டும் ஒன்றாக வளர்ந்தால், உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். நம் கேந்திரீய வித்யாலயாவில் அதிகாரி பிள்ளையும் பியூன் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்தப் பாக்கியம் இங்கே கிடையாது.

பாட விஷயத்தில் நான் பயந்த அளவுக்கு இல்லை. இங்கிலாந்தின் பாடத்திட்டத்திலேயே மூன்றாம் கட்டத்தில் உலக சரித்திரத்துக்கு ஓர் உதாரணமாக மொகலாய இந்தியாவைச் சொல்லியிருக்கிறார்கள். பேத்தியின் வகுப்பை ஹுமாயூன் கல்லறைக்கு அழைத்துப்போய் அளந்து வரையச் சொன்னார்கள். நான் டெல்லியில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தக் கட்டடத்தை உட்கார்ந்து பார்த்ததில்லை. அவள் வரைந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் போனேன்.

மதில் சுவருக்கு என்ன செய்வது? இங்கேதான் 'டே ஸ்கூல்' என்ற சொல்லின் அருமை எனக்குப் புரிந்தது. கிப்ளிங்குக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைத்திருக்கிறது. மாலை நாலு மணிக்குக் குழந்தை வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அதற்கு மேல் உள்ள பொழுதுக்குப் பள்ளி பொறுப்பில்லை. நாம்தான் பொறுப்பு.

பாட்டியும் நானும் ஓர் ஏற்பாடு செய்தோம். ஒன்றுவிட்ட ஒரு சனிக்கிழமை நான் குருகிராமம் போய் அவளை மெட்ரோவில் அழைத்து வருவேன். மஞ்சள் லைனில் ஏறி, ராஜீவ் சௌக்கில் இறங்கி, நீல லைனில் மயூர் விஹார். கூட்டத்தில் நிற்பது முதல் நாள் அவளுக்குத் திகைப்பு. மூன்றாம் தடவை எந்தப் பக்கக் கதவு திறக்கும் என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். மார்க்கெட்டில் பாட்டி ஹிந்தியில் பேரம் பேசுவாள். இவள் பையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். பிறகு அரை மணி தமிழ். பேச்சு புரியும், எழுத்து தெரியாது. அ, ஆ-வில் தொடங்கினோம். 'ழ' மட்டும் ஆறு மாதம் எடுத்தது.

அந்த முதல் வருஷத்து மேஜை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவளே தீர்த்துக்கொண்டாள். பாட்டி தைத்துக் கொடுத்த பாவாடை சட்டையோடு காலையில் பிரிட்டன் மேஜையில் நின்றாள். மத்தியானம் இந்தியா மேஜைக்குப் போய், வந்தவர்களுக்கெல்லாம் புளியோதரை எடுத்துக் கொடுத்தாள். யாரும் ஆட்சேபிக்கவில்லையாம்.

செயலாளர் கடிகாரத்தைத் தட்டிப் பார்க்கிறார். ஆகவே உபயோகமான சில யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, வெளிநாட்டிலிருந்து பிள்ளையோ பெண்ணோ குடும்பத்தோடு வருகிறார்கள் என்றால், எத்தனை வருஷத்துக்கு என்று முதலில் கேளுங்கள். மூன்று வருஷத்தில் திரும்புவதாக இருந்தால், அங்கே படித்த பாடத்திட்டமே தொடர்வது குழந்தைக்கு நல்லது. இங்கேயே தங்கிவிடுவதாக இருந்தால், நம் பாடத்திட்டத்துக்குக் கூடிய மட்டும் சின்ன வகுப்பிலேயே மாற்றிவிடுங்கள். ஒன்பதாவது, பத்தாவதில் மாற்றினால் குழந்தை திண்டாடும்.

இரண்டாவது, ஐ.ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல், ஐ.பி. படித்தவர்கள் இங்கே கல்லூரியில் சேர முடியும். இவற்றுக்குச் சமநிலைச் சான்று பெற வழி இருக்கிறது. ஆனால் எத்தனை பாடம், என்ன கிரேடு என்று நிபந்தனைகள் உண்டு. டாக்டருக்கோ இன்ஜினீயருக்கோ போக நினைத்தால், பௌதிகம், ரசாயனம் முதலியவற்றை விட்டுவிடாமல் எடுத்திருக்க வேண்டும். பதினான்கு வயதில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். பதினெட்டில் படித்துப் பிரயோஜனமில்லை.

மூன்றாவது, தாய்மொழி. ஐ.பி. டிப்ளமாவில் பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியைக்கூட, பள்ளியின் துணையோடு மாணவர் தாமே இலக்கியமாகப் படித்துத் தேர்வு எழுத ஓர் ஏற்பாடு இருக்கிறது. தமிழுக்கு அது கிடைக்குமா என்று பள்ளியில் கேளுங்கள். கேட்காத வீட்டுக்கு யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள்.

நான்காவது, இது உள்நாட்டு மாற்றலுக்கும் பொருந்தும். டி.சி., மார்க் ஷீட்டோடு கூட, இதுவரை எந்தப் பாடம் எதுவரை நடந்தது என்று ஆசிரியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன்னால் குழந்தைக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளட்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நமக்குப் பல நகரங்களில் கிளைகள் இருக்கின்றன. அங்கத்தினர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, இந்த ஊர்க் கிளை அந்த ஊர்க் கிளைக்கு ஒரு கடிதம் போடட்டும். வீட்டில் பள்ளிக் குழந்தை இருக்கிறதா, என்ன வயசு என்பது அதில் இருக்கட்டும். அந்த ஊரில் அதே வயதுக் குழந்தை உள்ள ஒரு குடும்பம் முதல் வாரத்திலேயே போய்ப் பார்க்கட்டும். அந்தப் பள்ளியில் ஒரு கொரியாக்காரக் குழந்தை என் பேத்திக்குச் செய்ததைத்தான் கேட்கிறேன். இதற்குப் பணச் செலவு கிடையாது, தபால் செலவைத் தவிர. நம் கிளையில் இந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். படிவமும் தயாரித்துவிட்டேன். இந்தத் தடவை குழந்தைக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: 'நண்பர்களிடம் சொல்லிக்கொண்டாகிவிட்டதா?'

2025 ஜூலையில் அவர்கள் ரெடிங் திரும்பிவிட்டார்கள். செப்டம்பரில் பேத்தி அங்கே ஒன்பதாம் வருஷ வகுப்பில் சேர்ந்தாள். பாடம் எங்கேயும் அறுந்துபோகவில்லை என்று பிள்ளை சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அங்கே காலை, இங்கே மத்தியானம். வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் தமிழ் வாசித்துக் காட்டுகிறாள். போன வாரம் 'வாழைப்பழம்' சரியாக வந்தது. 'கிழவர்' என்று வந்த இடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேண்டுமென்றே தப்பாக வாசித்தாள்.

படிவங்கள் வாசலில் மேஜைமேல் இருக்கின்றன. காபி சாப்பிடப் போகும்போது ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.